பியானோ அறியாத இசைப்புலவர்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் மேடையில் பிரெஞ்சு நாட்டு இசைவாணர் ஒருவரைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேட்பது நியாயமே. காலை முதல் நம் குழந்தைகள் பாடக் கேட்டு மகிழ்ந்தோம். இரவு நாடகம் காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிடைத்த இந்த அரைமணி நேரத்தில் எக்தோர் பெர்லியோஸ் என்ற பெயரை எடுப்பானேன்? மருத்துவம் படிக்க அனுப்பப்பட்ட மகன், இசை படிக்கப் போகிறேன் என்று வீட்டுக்கு எழுதினால் என்ன நிகழும் என்பதை இந்தக் காலனியில் எந்தத் தந்தைக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. அப்படி நிகழ்ந்த ஒரு வீட்டின் கதை இது. அந்த மகன் பிற்காலத்தில் ஐரோப்பியப் பல்லிய இசையின் போக்கையே மாற்றினார் என்பது அடுத்த செய்தி. அவ்வாறு மாற்றியதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பல்லியம் என்று நாம் சொல்வது ஆர்க்கெஸ்ட்ராவை. வயலின் முதலிய நரம்புக் கருவிகள், மரக்குழல்கள், பித்தளைக் கொம்புகள், முரசுகள் ஆகியவை ஐம்பதோ நூறோ சேர்ந்து, ஒருவர் எழுதி வைத்தபடி, ஒருவர் கையசைவுக்கு இசைந்து ஒலிக்கும் கூட்டம் அது.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை ஒட்டி, லியோன் நகருக்கும் கிரெனோபிள் நகருக்கும் இடையே லா கோத் சேந்தாந்த்ரே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1803-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் பெர்லியோஸ் பிறந்தார். தந்தை லூயி பெர்லியோஸ் ஊரார் மதித்த மருத்துவர். புதுமை நாட்டம் உடையவர். கீழை நாடுகளின் ஊசி மருத்துவத்தை ஐரோப்பாவில் முதன்முதலில் கையாண்டவர்களுள் ஒருவர். 1816-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். மகனுக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். இலத்தீன் மகாகவி வர்ஜிலின் காவியத்தில் கார்த்தேஜ் நகரத்து அரசி தீதோ உயிர் துறக்கும் இடத்தை ஒருநாள் படித்தபோது சிறுவனுக்கு நா தழுதழுத்தது, சொல் வெளிவரவில்லை. தந்தை அதைக் கண்டும் காணாதவர் போல, தமக்குக் களைப்பாக இருப்பதாகச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாராம். மகனுடைய கண்ணீரைப் பிறர் பாராமல் காத்த அந்தத் தந்தையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரப்போகிறவரும் அவரே.

மேசை அறையின் அடியில் கிடந்த சிறுகுழல் ஒன்றைப் பையன் கண்டெடுத்தான். தந்தையே அதை வாசிக்கக் கற்பித்தார். பிறகு புல்லாங்குழல் வந்தது, கிதார் வந்தது. மருத்துவப் படிப்பில் மகன் மனம் செல்ல வேண்டும் என்று தந்தை ஒரு தந்திரமும் செய்தார்: எலும்பியல் நூலைக் கருத்தாகப் படித்தால் புதுமாதிரிப் புல்லாங்குழல் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்! எலும்புக்குக் குழலை விலையாக வைத்த அந்த ஒப்பந்தத்தில் எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பியானோ கற்பிக்க மட்டும் தந்தை இசையவில்லை. மகன் இசையில் மேலும் ஆழ்ந்துவிடுவான் என்ற அச்சம்.

இந்தச் சிறு செய்தியின் மேல்தான் நாம் இன்று சொல்ல வந்தது முழுவதும் நிற்கிறது. மேனாட்டு இசையாசிரியர் பலருக்குப் பியானோவே எழுதுபலகை. அதன் முன் அமர்ந்து விரலால் தேடித் தேடி இசையைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு இந்த அடி வயலினுக்கு, அந்த அடி குழலுக்கு என்று பங்கிட்டுக் கொடுப்பார்கள். பெர்லியோஸுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. இசையை அவர் மனத்திலேயே கேட்டாக வேண்டும். கேட்கும்போதே அது குழலாகவோ கொம்பாகவோ முரசாகவோ கேட்க வேண்டும். விரல்களின் கொடுங்கோன்மையிலிருந்து தப்பியது தம் நற்பேறு என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பியானோ வாசிக்கத் தெரியாத குறை பல வேளைகளில் தம்மைத் தடுத்தது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

ஒரே கல்யாணி இராகம் வீணையில் ஒலிக்கும்போது ஒரு முகம். நாகசுரத்தில் ஒலிக்கும்போது வேறு முகம். இது நமக்குப் புதிதன்று. சுரங்கள் அவையே, ஆனால் பேசுகிறவர் வேறு. இந்த வேற்றுமையை அலங்காரமாகக் கொள்ளாமல் பொருளாகவே கொண்டவர் பெர்லியோஸ். அவர் இசையில் சேலையை மாற்றுவது போலக் கருவியை மாற்ற முடியாது. கருவியை மாற்றினால் சொன்ன செய்தியே மாறிவிடும்.

1821-ஆம் ஆண்டு மருத்துவம் படிக்கப் பாரிஸ் நகரம் சேர்ந்தார். பிணம் அறுத்துப் படிக்கும் கூடத்தில் முதல் நாள் நுழைந்தவர், எலிகளும் குருவிகளும் மனித உடலின் துணுக்குகளுக்குப் போட்டியிடுவதைக் கண்டு, சன்னல் வழியே குதித்து ஓடிவிட்டார். மறுபடியும் போனார்; பழகியும் கொண்டார். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இசை நாடக அரங்கில் குளுக் என்பவர் இயற்றிய ‘தௌரிஸ் நாட்டில் இபிஜெனி’யைப் பார்த்ததும் கதை முடிந்தது. அரங்கை விட்டு வெளியே வரும்போதே, யார் தடுத்தாலும் இசைவாணன் ஆவது என்று உறுதி பூண்டார்.

பாரிஸ் இசைக் கல்லூரியின் நூலகத்தில் புகுந்து குளுக்கின் ஏடுகளைப் படியெடுக்கத் தொடங்கினார். அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்த கெரூபினி, ஆடவர்க்கு ஒரு வாயில், பெண்டிர்க்கு ஒரு வாயில் என்று கட்டளையிட்டிருந்தார். பெர்லியோஸ் அறியாமல் மாற்று வாயிலில் நுழைந்துவிட்டார். தலைவரும் காவற்காரரும் அவரை நூலக மேசைகளைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார்களாம், நாற்காலிகள் உருண்டன. பிற்காலத்தில் அதே நூலகத்தின் பொறுப்பு பெர்லியோஸின் கைக்கே வந்தது. பேராசிரியர் பதவி மட்டும் அந்தக் கல்லூரி அவருக்குக் கடைசிவரை தரவில்லை. பல்லியக் கலையை உலகுக்குக் கற்பித்தவருக்கு வகுப்பறை ஒன்று கிடைக்கவில்லை என்றால் நமக்குச் சற்றுக் கோபம் வரத்தான் செய்கிறது.

வீட்டில் என்ன நிகழ்ந்தது? தந்தை வாதாடினார், பணம் அனுப்புவதை நிறுத்தினார், இரங்கி மீண்டும் அனுப்பினார். நாடக அரங்கம் என்றாலே பாவம் என்று நம்பிய தாயார், மகனைச் சபித்தார் என்று பெர்லியோஸே எழுதி வைத்திருக்கிறார். 1825-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் சேந்த் ரோக் தேவாலயத்தில் தம் முதற் பேரிசையான திருப்பலி இசையைக் கடன் வாங்கி அரங்கேற்றினார். கடன் 1,200 பிராங்கு. தவணை தவறியது, கடன் கொடுத்த நண்பர் தந்தைக்கே எழுதிவிட்டார். தந்தை கடனைத் தீர்த்தார்; மகனுக்கு அனுப்பும் தொகையை வெட்டினார். மகன் சிறு நாடக அரங்கு ஒன்றில் மாதம் 50 பிராங்குக்குக் கூட்டுப்பாடகராகச் சேர்ந்தார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

தந்தையின் மனத்தை மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: உரோமாபுரிப் பரிசு என்னும் அரசாங்கப் பரிசு. அதற்காக ஐந்து முறை தேர்வு எழுதினார். 1827-இல் எழுதிய இசை வாசிக்க இயலாதது என்று தள்ளப்பட்டது. ஏன் தெரியுமா? பல்லியத்திற்காக எழுதிய இசையைப் பியானோவில் சுருக்கி வாசிக்கக் கேட்டே நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். வாசிக்க வந்தவரால் அதை வாசிக்க முடியவில்லை. வண்ண ஓவியத்தைக் கரியால் படியெடுத்துக் காட்டச் சொல்லி, வண்ணம் சரியில்லை என்று சொன்ன கதைதான்! 1830-ஆம் ஆண்டு ஜூலையில், தெருவில் புரட்சியின் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருக்க, ஐந்தாவது முறை எழுதினார். இந்த முறை கெட்டிக்காரத்தனமாக, அரண்மனை எரிந்து வீழும் பகுதியை நடுவர்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டார். பரிசு கிடைத்த பிறகு அதைச் சேர்த்தார். அரங்கேற்றத்தன்று கொம்பு ஊதுபவர் தம் இடத்தைத் தவறவிட்டார். அவருக்காகக் காத்திருந்த முரசு அடிக்கவில்லை. முரசுக்காகக் காத்திருந்த மற்றவையும் அடங்கிவிட்டன. அரண்மனை தீப்பற்றவே இல்லை. பெர்லியோஸ் சினம் தாளாமல் இசையேட்டைப் பல்லியத்தின் நடுவே வீசி எறிந்தார்.

இதற்கிடையில் 1827-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஆங்கில நாடகக் குழு ஒன்று பாரிஸில் ‘ஹாம்லெட்’ நடித்தது. ஒபீலியாவாக நடித்தவர் ஹாரியட் ஸ்மித்ஸன் என்னும் அயர்லாந்துப் பெண்மணி. பெர்லியோஸுக்கு அப்போது ஆங்கிலம் ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. ஆயினும் அன்றிரவு சேக்ஸ்பியர்பாலும் அந்த நடிகைபாலும் ஒருங்கே அவர் உள்ளம் சென்றது. அடுத்த ஆண்டு பீத்தோவனின் சிம்பொனிகளை முதன்முறையாகக் கேட்டார். சொல்லின்றியே கருவிகள் ஒரு நாடகத்தை நடத்தக்கூடும் என்பது அவருக்கு விளங்கிற்று. காதலும் இந்தக் கல்வியும் சேர்ந்து பிறந்ததே ‘கற்பனைச் சிம்பொனி’. 1830-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அது அரங்கேறியபோது பெர்லியோஸுக்கு வயது 27 நிறையவில்லை. பீத்தோவன் மறைந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை.

இளங்கலைஞன் ஒருவன் காதல் கைகூடாமல் அபினி உண்டு மயங்கிக் காணும் கனவு அது. ஐந்து பகுதிகள் கொண்டது. காதலி ஓர் இசையடியாகவே அதில் வருகிறாள். அந்த ஓரடி ஐந்து பகுதிகளிலும் விடாமல் பின்தொடர்கிறது. முதலில் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து பாடும்போது அவள் மாசற்றவள். இரண்டாம் பகுதியில் நடன மண்டபத்தில், யாழ் இனத்தைச் சேர்ந்த ஹார்ப்புகள் மின்ன, கூட்டத்தின் நடுவே தோன்றி மறைகிறாள். நான்காம் பகுதியில் அவளைக் கொன்றதாகக் கனவு காணும் கலைஞனைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள். தலை விழும் முன் கிளாரினெட் ஒன்று தனியாக அவளை நினைக்கத் தொடங்குகிறது. முழுப் பல்லியமும் ஒரே வெட்டாக அதைத் துண்டிக்கிறது. கடைசிப் பகுதியில் பேய்களின் கூத்து. அங்கே அவளும் வருகிறாள். ஆனால் கீச்சுக்குரல் உடைய சிறு கிளாரினெட்டில், துள்ளலும் குறும்புமாக, நாணம் இழந்தவளாக வருகிறாள். அடி அதே அடிதான், ஊதும் கருவி மாறிற்று, நடை மாறிற்று, பெண்ணே மாறிவிட்டாள். அந்தக் கூத்தில் வயலின்காரர்கள் வில்லின் மயிரால் இழுப்பதை விட்டு வில்லின் மரத்தால் நரம்பைத் தட்டுகிறார்கள். எலும்புகள் உரசும் ஒலி பிறக்கிறது. கோயில் மணி அடிக்கிறது. இறந்தோர்க்கான பழைய தேவாலயப் பண் அடித்தொண்டைக் கொம்புகளில் முழங்குகிறது.

மூன்றாம் பகுதியை வேண்டுமென்றே விட்டு வைத்தோம். கூச்சலை விரும்புகிறவர் என்று பெயரெடுத்தவரின் உள்ளம் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. அதன் பெயர் ‘வயல்வெளிக் காட்சி’. மாலை நேரம். ஓர் இடையன் குழலூதுகிறான். அது இங்கிலீஷ் ஹார்ன் என்னும் தாழ்குரல் குழல். நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுவது. மேடைக்குப் பின்னால், தொலைவிலிருந்து, மற்றோர் இடையன் ஓபோவில் பதில் சொல்கிறான். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவே. நடுவில் கலைஞனுடைய நினைவுகள் எழுந்து கலங்கி அடங்குகின்றன. முடிவில் அந்த முதல் இடையன் மீண்டும் குழலெடுத்து அதே கேள்வியைக் கேட்கிறான். பதில் இல்லை. பதில் வரவேண்டிய இடத்தில் தொலைவான இடிமுழக்கம் கேட்கிறது. மறுபடி கேட்கிறான், மறுபடியும் இடிமுழக்கமே. அந்த இடியை நான்கு பேர் முரசடித்து உண்டாக்குகிறார்கள். கோலின் முனையில் கடற்பஞ்சு கட்டி மெல்ல அடிக்க வேண்டும் என்று பெர்லியோஸ் குறித்திருக்கிறார். முரசு என்றால் போரும் விழாவுமே என்றிருந்த நாளில், ஒருவனுடைய தனிமையைச் சொல்ல நான்கு முரசுகாரர்களை நிறுத்தியவர் அவர். ஓபோ ஏன் பதில் சொல்லவில்லை என்பதை இசை சொல்வதில்லை. ஊரை விட்டு வந்து, வீட்டிலிருந்து கடிதத்துக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த இடம் எளிதில் விளங்கும்.

இதே திறம் பெரிய அளவிலும் வெளிப்பட்டது. 1837-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், போரில் இறந்த தளபதிக்கும் வீரர்களுக்கும் நினைவாகப் பாரிஸ் நகரத்து ஆன்வலீத் தேவாலயத்தில் அவருடைய ‘இறந்தோர்க்கான பெருந்திருப்பலி’ ஒலித்தது. பாடுவோர் 210 பேர், நரம்புக் கருவியாளர் 108 பேர், முரசுகள் 16 என்று ஏட்டில் எழுதியிருக்கிறார். நான்கு மூலைகளிலும் நான்கு பித்தளைக் கொம்புக் குழுக்கள். இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளம் நாற்றிசையிலிருந்தும் எழுகிறது. இசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் இசையின் ஓர் உறுப்பாக்கினார். அந்தக் கொம்புகள் எழும் நொடியில் இசையை நடத்திய அபெனெக் கோலை வைத்துவிட்டு மூக்குப்பொடி போட்டார் என்றும், தாம் பாய்ந்து சென்று காலம் காட்டியதாகவும் பெர்லியோஸ் எழுதுகிறார். ஆராய்ச்சியாளர்கள் இதை ஐயுறுகிறார்கள். கதை சொல்வதிலும் அவர் வல்லவர் என்பதை நாமும் மறக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: ஒன்றரை மணி நேரம் செல்லும் அந்த இசையில் கொம்புகள் எல்லாம் சேர்ந்து முழங்குவது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அடக்கம். ஓரிடத்தில் உச்சியில் புல்லாங்குழல்கள், அடியில் டிராம்போன்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. மேலும் கீழும் ஒலி, இடையே வெற்றிடம்! அவ்வளவு பெரும் கூட்டத்தை வைத்துக்கொண்டு வெறுமையைக் கேட்கச் செய்தார்.

ஆனால் பாரிஸ் நகரம் முழக்கத்தை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டது. 1846-இல் கிரான்வில் வரைந்த கேலிச்சித்திரத்தில் அவருடைய பல்லியத்தின் நடுவே பீரங்கி நிற்கிறது. இந்தப் பேச்சுக்கு அவர் கொடுத்த பதில் சுவையானது. 1850-இல் ‘இடையர்களின் விடைபெறல்’ என்ற சிறு கூட்டுப்பாடலை எழுதி, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பியர் துய்க்ரே என்பவர் இயற்றியது என்று சொல்லி மேடையேற்றினார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. கேட்டவர்கள் உருகினார்கள். இத்தகைய எளிமை பெர்லியோஸுக்கு ஒருநாளும் வாராது என்று ஒரு சீமாட்டி சொன்னாராம். ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ என்ற அவருடைய சிம்பொனியில் மாப் அரசி என்னும் தேவதைக்குரிய பகுதியைக் கேட்டிருந்தால் அந்த அம்மையார் ஏமாந்திருக்கமாட்டார். நம் பஜனைக் கூடத்துக் கைத்தாளத்தை ஒத்த சிறு பழங்காலத் தாளங்கள் அதில் பனித்துளி போல ஒலிக்கும்.

கருவிகளின் இயல்பை அவர் எப்படிக் கற்றார்? வாசிப்பவர்களைக் கேட்டுக் கற்றார். இசை நாடக அரங்குக்கு ஏட்டோடு செல்வார். இந்த ஒலி எந்தக் கூட்டில் பிறக்கிறது என்று பார்ப்பார். கொம்பு ஊதுபவரிடமும் குழலூதுபவரிடமும் எது எளிது, எது அரிது என்று விசாரிப்பார். அந்த அறிவையெல்லாம் திரட்டி அவர் எழுதிய பல்லியக் கலை நூல் 1844-இல் வெளிவந்தது. 1905-இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதைப் புதுக்கி ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார். இன்றும் அது படிக்கப்படுகிறது. ஒவ்வொரு கருவியையும் ஒரு நாடக பாத்திரத்தைப் போல அவர் அறிமுகம் செய்வதைப் படித்தால் இசை தெரியாதவர்க்கும் சுவைக்கும்.

இனி விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிஞனுக்கு ஒரு தாளும் எழுதுகோலும் போதும். பல்லிய இசைஞனுக்கு நூறு பேர் வேண்டும். அவர்களுக்குக் கூலி வேண்டும். பெர்லியோஸைத் தாங்கும் மன்னரோ மடமோ இல்லை. மண்டபம் பிடிப்பது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏடு எழுதுவிப்பது, ஒத்திகை நடத்துவது, சீட்டு விற்பது எல்லாம் அவர் தலையில். ஒரு கச்சேரி நடத்தினால் கையில் என்ன மிஞ்சும் என்பது நம் சங்கச் செயலாளருக்குத் தெரியும். அவரைச் சிரிக்க வைக்க ஒரு கணக்குச் சொல்கிறோம். 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் 1,022 இசைவாணர்களைக் கூட்டிப் பெருவிழா நடத்தினார். வசூல் 32,000 பிராங்கு. அதில் எட்டில் ஒரு பங்கு ஏழையர் விடுதி வரியாகப் போயிற்று. எல்லாச் செலவும் போக அவருக்கு மிஞ்சியது 800 பிராங்கு. 1846-இல் ‘பௌஸ்டின் வீழ்ச்சி’யைப் பாதி காலியான மண்டபத்தில் இருமுறை நடத்திக் கடனில் மூழ்கினார், அதைத் தீர்க்க உருசிய நாடு சென்று கச்சேரி செய்தார். அவரைப் பிற நாடுகள் கொண்டாடின. பாரிஸில் அவருக்குச் சோறு போட்டது பத்திரிகையில் எழுதிய இசை விமரிசனமே. அந்த வேலையை அவர் அடியோடு வெறுத்தார்.

ஒரே ஒருமுறை வானத்திலிருந்து பொன்மழை பெய்தது. 1838-இல் அவருடைய இசை நாடகம் ஒன்று தோற்றுப்போயிருந்தது. அவரோ நோயாகக் கிடந்தார். டிசம்பர் 16-ஆம் நாள் கச்சேரியில் ‘இத்தாலியில் ஹாரால்ட்’ என்ற அவரது சிம்பொனியைக் கேட்ட வயலின் மேதை பாகனீனி, பலர் முன்னிலையில் அவர் முன் மண்டியிட்டார். தொண்டை நோயால் பாகனீனிக்குக் குரல் போய்விட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவருடைய சிறு மகன் ஒரு கடிதம் கொண்டு வந்தான். உள்ளே 20,000 பிராங்கு. அந்தப் பணத்தில் கடனை அடைத்து, வேறு வேலையின்றி அமர்ந்து எழுதியதுதான் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’.

ஒபீலியாவாகத் தோன்றிய ஹாரியட்டை 1833-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அவர் மணந்துகொண்டார். மறு ஆண்டு லூயி என்ற மகன் பிறந்தான். இல்லறம் நெடுநாள் இனிக்கவில்லை. 1844-ஐ ஒட்டிப் பிரிந்தார்கள். பெர்லியோஸ் வேறொரு பெண்ணோடு வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஹாரியட்டைக் கைவிடவில்லை. பக்கவாதம் கண்டு பேச்சும் நடையும் இழந்து அவர் கிடந்த ஆண்டுகளில் செலவு முழுவதையும் பெர்லியோஸே தாங்கினார்.

அந்த ஆண்டுகளில்தான் ஓரிரவு கனவில் ஒரு சிம்பொனியை இயற்றுவதாகக் கண்டார். விழித்தபோது முதற் பகுதி ஏறக்குறைய முழுவதும் நினைவில் நின்றது. மேசைக்குச் சென்றார். எழுதத் தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டார். இந்தப் பகுதியை எழுதினால் மற்றவற்றையும் எழுதாமல் இருக்க முடியாது. மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை பத்திரிகைக்கு எழுத இயலாது, வருவாய் நின்றுபோகும். எழுதி முடித்தால் படியெடுக்க ஆயிரம், ஆயிரத்திருநூறு பிராங்கு வேண்டும். படியெடுத்த பின் கேட்காமல் இருக்க மனம் வருமா? கச்சேரி வைக்க நேரும். வசூல் பாதிச் செலவுக்கும் காணாது. நோயாளிக்கு மருந்து வாங்கப் பணம் இராது. கப்பற்பணியில் சேரவிருக்கும் மகனுக்குக் கொடுக்கவும் இராது. உடம்பெல்லாம் நடுங்க எழுதுகோலைக் கீழே வைத்தார். நாளைக்கு மறந்துவிடும் என்று எண்ணிப் படுத்தார். மறுநாள் இரவு அதே இசை மீண்டும் கனவில் வந்தது, தெளிவாகக் கேட்டது. மீண்டும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார். அடுத்த நாள் காலை விழித்தபோது அது போய்விட்டிருந்தது. பின் ஒருபோதும் வரவில்லை.

அவர் செய்தது சரியா? மகனுக்கும் மனைவிக்கும் முன்னால் சிம்பொனி எம்மாத்திரம் என்பார் உண்டு. கலைஞன் அப்படிக் கணக்குப் பார்க்கலாமா என்பாரும் உண்டு. இவரை முன்னொரு நாள் கோழை என்று எண்ணினோம். வயது ஏற ஏற அந்த எண்ணம் போய்விட்டது. ஹாரியட் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் காலமானார்.

தந்தையோடு படித்த வர்ஜில் மட்டும் அவரை விடவில்லை. 1856 முதல் 1858 வரை, தீதோ அரசியின் கதையை உள்ளடக்கிய ‘திரோய் நகரத்தார்’ என்ற ஐந்து அங்க இசை நாடகத்தைப் பாடலும் இசையுமாகத் தாமே எழுதி முடித்தார். சிறுவனாக வாய்விட்டுப் படிக்க முடியாமல் நின்ற இடத்துக்கு நாற்பது ஆண்டுக்குப் பின் இசை வகுத்தார். 1863-இல் அதன் பின்பாதி மட்டுமே மேடையேறியது. அதையும் வெட்டிக் குறைத்தார்கள். முழு நாடகத்தை அவர் கேட்டதே இல்லை. அதன் முழு இசையேடு அச்சில் வந்ததே 1969-ஆம் ஆண்டுதான். தந்தை அதற்கு முன்பே, 1848-இல், மறைந்துவிட்டார். மகன் புகழ்பெற்றதை அறிந்திருந்தார். தீர்ப்பு நாளின் அந்தப் பேரிசையை ஒருமுறை கேட்க வேண்டும் என்ற ஆவலும் அவருக்கு இருந்தது. ஆனால் மகன் இயற்றியவற்றில் ஒரு சிறு துணுக்கைக்கூட அவர் காதால் கேட்கவில்லை. கப்பல் அதிகாரியான லூயி 1867-இல் அவானா நகரில் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார், வயது 32. பெர்லியோஸ் 1869-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் பாரிஸில் காலமானார்.

கடன் வாங்கி அரங்கேற்றினாரே, அந்த முதல் திருப்பலி இசை. அதைப் பின்னாளில் எரித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். 1991-இல் பெல்ஜிய நாட்டு ஆன்ட்வெர்ப் நகரில் ஒரு தேவாலயத்தின் ஆர்கன் மாடத்தில் அதன் கையெழுத்து ஏடு கிடைத்தது. திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு: ‘வயல்வெளிக் காட்சி’யின் இன்னிசை அதிலேயே இருந்தது. தந்தை தீர்த்த கடனில் பிறந்த இசை, இடையர்களின் மாலைப் பொழுதாக மாறியிருந்தது.

அந்த மூன்றாம் பகுதியின் ஒலிப்பதிவைக் கொண்டு வந்திருக்கிறோம். பதினைந்து நிமிடத்துக்குச் சற்று மேல் செல்லும். நாடகத்துக்கு வேடம் புனைந்துகொண்டிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். குழந்தைகளை முன்வரிசைக்கு வரச் சொல்லுங்கள். முதலில் பேசுவது இங்கிலீஷ் ஹார்ன். தொலைவில் பதில் சொல்வது ஓபோ. கடைசியில் பதில் வராத இடத்தில் யாரும் எழுந்துவிடாதீர்கள். இசை இன்னும் முடிந்திருக்காது.